அஞ்சே முக்கால் ஸ்டேட்டஸ்

பூவிழிக்கு மதிவதனியைக் கண்டால் ஆகாது. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. திருக்காட்டுப்பள்ளியில் சத்துமாவு என்றால் பூவிழி என்று எட்டு வருஷமாகப் பேர். அந்தப் பேரில் பங்கு கேட்க, நேற்று முளைத்த மதிவதனி வந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே மகளிர் குழுவில் இருந்தவர்கள். வீடும் அடுத்தடுத்த தெருதான். ஆகாதவளுக்கு அடுத்த தெருவில் வீடு அமைவது போன ஜென்மத்துப் பாவம்.

மாவைப் பொறுத்தவரை பூவிழிக்குக் கவலையில்லை. மாப்பிள்ளைச் சம்பாவைக் கழுவிக் காயவைத்து, பயறை முளைகட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்துத்தான் மில்லுக்கு அனுப்புவாள். மதிவதனியின் மாவை ஆள் விட்டு வாங்கிக் கஞ்சி காய்ச்சியும் பார்த்தாள். வறுவல் தீய்ந்து, லேசாகக் கசந்தது. அன்றைக்கு அவளுக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்தது.

ஆனால் அந்தக் கசப்பு மாவுக்காரி தினமும் விடிகாலை அஞ்சே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டாள். ஒரே ஒரு படம். படி நிறைய மாவு, பக்கத்தில் சிலேட்டில் அன்றைய தேதி, கீழே போன் நம்பர். மழையோ, கரண்ட் கட்டோ, வீட்டில் விசேஷமோ, ஒரு நாள் தப்பாது.

பூவிழியும் போடாமலில்லை. தீபாவளி வந்தால் ஒரே நாளில் பதினேழு படம் போடுவாள். அப்புறம் மூன்று வாரத்துக்கு மூச்சுப் பேச்சு இருக்காது. ஆடிக்கொரு தடவை, அமாவாசைக்கொரு தடவை. ஏன் என்று கேட்டால் நேரமில்லை என்பாள். அதுவும் பொய்யில்லை. நடவு தொடங்கினால் பதினைந்து ஆளுக்குச் சோறு பொங்க வேண்டும், மாடு கறக்க வேண்டும், பிள்ளைகளை வேனில் ஏற்ற வேண்டும், மில்லில் வரிசையில் நிற்க வேண்டும். இதற்கு நடுவில் படியை வைத்துப் படம் எடுக்க அவள் என்ன வேலையற்றவளா?

மதிவதனி மட்டும் வேலையற்றவளாக இருக்கத்தான் வேண்டும். புருஷன் ஷார்ஜாவில், மாமியார் சமையல், பிள்ளை ஒன்றே ஒன்று. அப்படித்தான் பூவிழி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

எரிந்தாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தன் போனில் பார்த்தால் பார்த்தவர் பட்டியலில் பேர் விழுந்துவிடும், அந்த அல்ப சந்தோஷத்தை அவளுக்குக் கொடுப்பானேன்? அதனால் சித்திரையிலிருந்து புருஷன் அன்பரசனின் போனில் பார்க்க ஆரம்பித்தாள். அவர் டிராக்டர் வைத்திருப்பவர். ஊரில் எல்லோரிடமும் அவர் நம்பர் உண்டு, மதிவதனியிடமும் உண்டு. பூவிழி அவர் போனில் மதிவதனியின் நம்பரை 'மாவு மில்' என்று பதிந்து வைத்தாள். விடியுமுன் அவர் வாய்க்காலில் தண்ணீர் பார்க்கப் போவார். போன் சார்ஜில் கிடக்கும். அஞ்சே முக்காலுக்கு அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து பார்ப்பாள். எழுத்துப்பிழை இருக்கிறதா, மாவின் நிறம் கறுத்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "இதையும் ஒரு படம்னு போடுறா" என்று அடுப்பிடம் சொல்லுவாள்.

ஐப்பசியில் தஞ்சாவூரிலிருந்து மீரா உசேன் பேசினார். கீழவாசல் பக்கம் பெரிய மளிகைக் கடை அவருக்கு. பாரம்பரிய அரிசிப் பொருளுக்கென்று தனி அலமாரி போடுகிறார், சத்துமாவுக்கு ஒரே ஒரு ஆளைத்தான் சேர்க்கப் போகிறார் என்று பூவிழிக்கு முன்பே தெரியும். அந்த இடம் கிடைத்தால் மில்லில் வரிசையில் நிற்க வேண்டாம், சொந்தமாக ஒரு அரவை மெஷின் போட்டுவிடலாம் என்று இருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மதிவதனிம்மாவுக்குக் கொடுத்துட்டேன்" என்றார்.

"என் மாவைச் சாப்பிட்டுப் பாத்தீங்களா பாய்?"

"உங்க மாவுதான் ருசி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவங்களை தினமும் பாக்குறேன். நீங்க தொழில்ல இருக்கீங்களா விட்டுட்டீங்களான்னே தெரியலையே."

"எனக்கு நேரமே இல்ல பாய்" என்றாள் பூவிழி. அதைத் தவிர அவளிடம் சொல்ல வேறொன்றும் இல்லை. போனை வைத்ததும் அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது. கிளற மறந்ததில், வறுத்துக்கொண்டிருந்த பயறு கருகியது.

மறுநாள் மதியம் மதிவதனியே வாசலில் வந்து நின்றாள். வெற்றியைக் காட்டத்தான் வந்திருக்கிறாள் என்று பூவிழி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆனால் வந்தவள் முகத்தில் சிரிப்பில்லை. அன்பரசன் அப்போதுதான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அண்ணனும் இருக்குறப்பவே சொல்லிடுறேன். தினமும் நான் ஸ்டேட்டஸ் போட்டதும் முதல்ல அண்ணன்தான் பாக்குறாங்க. போட்ட ரெண்டாவது நிமிஷம். ஆறு மாசமா. எங்க மாமியார் லிஸ்ட்டைப் பாத்துட்டாங்க. வீட்டுல ஆம்பளை இல்லாத நேரத்துல இது நல்லாவா இருக்குன்னு கேக்குறாங்க."

அன்பரசன் சொம்பும் கையுமாக நின்றார். "நானா? ஸ்டேட்டஸ் எங்க இருக்கும்னே எனக்குத் தெரியாதேம்மா" என்றார். மனுஷர் சொன்னது சத்தியமான உண்மை. ஆனால் மாட்டிக்கொண்ட ஆம்பளை எவனும் சொல்லக்கூடியதும் அதேதான். பக்கத்து வீட்டு ஜன்னல் மெல்லத் திறந்தது. அன்பரசன் பூவிழியைப் பார்த்தார்.

பூவிழி ஜன்னலைப் பார்த்தாள். சொல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் அவர் பேர் நாறும். சொன்னால் இவள் முன்னால் இவ்வளவு நாள் காத்த கௌரவம் போகும். யாரிடம் போனாலும் பரவாயில்லை, இவளிடம் போகக் கூடாது என்றிருந்தது அவளுக்கு. ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்தது.

"அவர் இல்ல. நான்தான் பாத்தேன்" என்றாள்.

மதிவதனிக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நீங்களா?"

"ஆமா. பொறாமைதான். போதுமா?"

கோபப்படுவாள் அல்லது சிரிப்பாள் என்று பூவிழி காத்திருந்தாள். மதிவதனி இரண்டும் செய்யவில்லை.

"ஆடியில விட்டுடலாம்னு இருந்தேன்க்கா. மாமியாருக்கு முட்டி வலி, சமையலும் என் தலையில. பால்வாடி வேலைக்கும் போகணும். படம் போட்டு ஒரு ஆர்டர் வரல. தினமும் ராத்திரி, நாளைக்குப் போட வேணாம்னுதான் படுப்பேன். விடிஞ்சா, ஒருத்தர் மட்டும் காத்துக்கிட்டிருந்து பாக்குறாரே, போடலைன்னா ஏதாவது நினைப்பாரேன்னு எந்திரிச்சுப் போட்டுருவேன். அந்த ஒருத்தருக்காகத்தான் போட்டேன். அதைப் பாத்துதான் பாய் கடையில இடம் கொடுத்தாரு."

அன்பரசன் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

மதிவதனி நிமிர்ந்து பார்த்தாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.

"நடவு, மாடு, பிள்ளைங்க, மில்லு. இத்தனைக்கு நடுவுல ஒரு நாள் விடாம பாத்திருக்கீங்க. எப்படிக்கா நேரம் கிடைச்சுது?"