பெயர் சொல்லாத ஊதல்

தினமும் காலை ஏழரைக்கு மாவட்டத்து அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடி, யார் குரல் யாருக்குக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். நடத்துபவள் ஷீஜா. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். ஒரு வாரமாக அவள் "அடுத்து யாரு?" என்று கேட்டதும் நீளமாக ஓர் ஊதல் வந்து, கால்சைன் என்னும் ஸ்டேஷன் பெயரைச் சொல்லாமல் நின்றுபோனது. வெள்ளிக்கிழமை பொறுமை போய், "இது ஏதோ திருட்டு ஸ்டேஷன்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை கூட்டத்தை நாசரேத்தில் இருக்கும் ஜாபேஸிடம் ஒப்படைத்துவிட்டு, சிக்னல் வரும் திசையைக் காட்டும் ஆன்டெனாவோடு ஸ்கூட்டரில் கிளம்பினாள். அது மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக் கடையில் கொண்டுபோய் விட்டது. மாடியில் கம்பி ஆன்டெனா கட்டியிருந்தது.

"அண்ணாச்சி, காலைல ஊதுதது நீங்கதானா?"

கடைக்காரர் பொன்னுதுரை தலையாட்டிவிட்டு உள்ளே போய் லைசென்ஸை எடுத்துவந்து நீட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

"லைசென்ஸ் இருக்கே. பெறகு ஏன் கால்சைன் சொல்ல மாட்டேங்கிய?"

"டெ... டெஸ்ட்டுதானம்மா."

"டெஸ்ட்டுன்னாலும் கால்சைன் சொல்லணும் அண்ணாச்சி. ஆளுங்க பேசுத இடத்துல டெஸ்ட்டே பண்ணக்கூடாது. ஆன்டெனாவுக்குப் பதிலா டம்மி லோடை மாட்டிட்டுப் பண்ணுனா வெளிய ஒண்ணும் போகாதுல்லா."

அவர் தலைகுனிந்தார். "டெஸ்ட்டு இல்ல. நா... நானும் இருக்கேன்னு சொல்லத்தான். மைக்கைப் பிடிச்சா மு... முதல் எழுத்தே வரமாட்டேங்கு."

மேஜை மேல் தந்தி அடிக்கும் மோர்ஸ் கீ இருந்தது. அதை அமுக்கிப் பிடித்துத்தான் ஊதியிருக்கிறார்.

"இதுலயே கால்சைன அடிக்கலாமே?"

"எல்லாரும் பே... பேசுத இடத்துல நான் மட்டும் அடிச்சா சிரிப்பாங்க."

ஷீஜாவுக்கு முகம் சுண்டிப்போனது. "நேத்து நான் சொன்னதக் கேட்டியளா?"

"கேட்டேன்."

"தப்பு அண்ணாச்சி. மன்னிச்சிருங்க. நாளைக்கு நீங்க இதுலயே அடிங்க. யாரு சிரிக்கான்னு நான் பாத்துக்கிடுதேன்."

ஞாயிறு காலை, "அடுத்து யாரு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பிறகு மோர்ஸ் வந்தது, தடதடவென்று, தடங்கலே இல்லாமல். அவளால் பாதி எழுத்துகளைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா அடிங்க."

"எனக்கு முழுசும் கிடைச்சிட்டு," என்றார் ஜாபேஸ். "நல்ல கை. சேத்துக்கோங்க."

ஷீஜா பொன்னுதுரையின் கால்சைனைப் பட்டியலில் எழுதிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.