பட்டன் டப்பாவில் ஒரு விவாகரத்து

கொடுக்கிறவள் தொகையை ஏற்றுவதையும் வாங்குகிறவள் இறக்குவதையும் என் ஐம்பத்தெட்டு வயதில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதுவும் என் கடையிலேயே, பட்டன் கொட்டி எண்ணுகிற மேசையிலேயே.

தைபேயில் துணிச் சந்தைக்குப் பின்சந்தில் இருக்கிறது என் கடை. பட்டன், ஜிப், ஊக்கு, லேஸ். அப்பா காலத்துக் கடை. விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் வாங்குவார், சிரிக்கிறவர் வாங்கமாட்டார் என்பதெல்லாம் பால்பல் விழுமுன்பே எனக்கு அத்துப்படி. பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவள் எப்படி ஏமாந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

லிசுவாங்கும் வான்ரூவும் எதிர்க்கடையில் திரைச்சீலை தைப்பவர்கள். பெண்ணும் பெண்ணும் மணக்கலாம் என்று சட்டம் வந்த மாதமே பதிவு அலுவலகம் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். சாட்சியாக என் பெயர் முத்திரையைக் குத்தியவள் நான்; எங்கள் ஊரில் அதுதான் கையெழுத்து. இரண்டு வருடம் கழித்து வான்ரூ வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்குப் போய்வந்து டோடோவைப் பெற்றாள். குழந்தைக்கு மாதம் நிறைந்தபோது சந்து முழுக்க எண்ணெய்ச் சோறும் சிவப்பு முட்டையும் சுமந்து கொடுத்தவள் லிசுவாங். டோடோவுக்கு இப்போது மூன்று வயது. வான்ரூ அவளுக்கு அம்மா, லிசுவாங் மம்மி.

இப்போது விவாகரத்து. வான்ரூவுக்கு வேறொருத்தியோடு பழக்கமாகி, ஒன்பதாம் மாதம் பன்னிரண்டு மேசைக் கல்யாண விருந்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. பிரிவதற்கும் எங்கள் ஊரில் இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் முனை டீக்கடைக்காரர், காலையிலேயே முத்திரை வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்னொருத்தி நான்.

"அக்கா, பிள்ளைக்கு மாசாமாசம் குடுக்கிற தொகையை மட்டும் எழுதணும்" என்றாள் லிசுவாங். "இருபதாயிரம் தைவான் டாலர்னு எழுதுங்க."

"ஒண்ணும் வேணாம்" என்றாள் வான்ரூ.

"சரி, பதினெட்டு."

"வேணாங்கிறேன்ல."

"பதினஞ்சு. பள்ளிக்கூடம் இருக்கு, செருப்பு மாசத்துக்கு ஒண்ணு பத்தாம போகுது..."

"நான் சம்பாதிக்கலையா? நீ எதுக்குக் குடுக்கணும்?"

"ஏண்டி, ரெண்டு பேரும் நாற்காலி மாறி உக்காந்துட்டீங்களா?" என்றேன். "குடுக்கிறவ ஏத்துறா, வாங்குறவ இறக்குறா. இப்படி நாலு பேர் வந்தா நான் கடையை மூடிட்டுக் காசிருக்கிற கோயிலாப் பாத்துச் சாமியாராப் போயிடுவேன்."

லிசுவாங் சிரித்தாள். வான்ரூ சிரிக்கவில்லை. கடைசியில் எட்டாயிரம், சனி ஞாயிறு பிள்ளை லிசுவாங்கிடம் என்று முடிந்தது. வான்ரூவின் மனசு தங்கம் என்று நினைத்துக்கொண்டே முத்திரையைச் சிவப்பு மையில் அழுத்திக் குத்தினேன். அவசரம் வேறு. மறுநாள் சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் பிறக்கிறது. நல்ல அண்ணன்மார்கள் ஊருக்குள் உலாவ வரும் மாதம். பேய் என்று வாய்விட்டு யாரும் சொல்லமாட்டோம். அந்த மாதத்தில் எங்கள் சந்தில் யாரும் புதுக்கடை திறப்பதில்லை, வீடு மாறுவதில்லை, எந்தத் தாளிலும் முத்திரை வைப்பதில்லை.

மூவருமாகப் பதிவு அலுவலகம் போனபோது மணி நான்கு. சீட்டு எண் நாற்பத்தேழு. கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் தாளை வாங்கி வாசித்தான், கணினியைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான்.

"பிள்ளையைப் பத்தின இந்தப் பத்தியை நான் பதிவுல ஏத்த முடியாதுங்க. லிசுவாங்குங்கிறவங்க பேர்ல பிள்ளையே இல்லை."

"நான்தான் லிசுவாங்" என்றாள் அவள். "பிள்ளை இருக்கு. டோடோ."

"தத்தெடுத்ததா கோர்ட் உத்தரவு வரலைங்களே. பெத்தவங்க கட்டத்துல ஒரே ஒரு பேருதான் இருக்கு." பிறகு அவன் நல்லவன் என்பதால் குரலைத் தாழ்த்தி, "சட்டப்படி நீங்க அஞ்சு காசு தரவேண்டியதில்லைங்க. உங்களுக்கு நல்ல சேதிதானே?" என்றான்.

லிசுவாங்கின் கையிலிருந்த முத்திரைச் சிமிழ் தரையில் விழுந்து உருண்டது. அதை எடுக்கக் குனிந்த நான் நிமிர மறந்துபோனேன்.

காரணம், அந்தத் தத்துத் தாளை எனக்குத் தெரியும். கல்யாணமே ஆகியிருந்தாலும், பெறாதவள் கோர்ட் வழியாகத் தத்தெடுத்தால்தான் தாய். மூன்று வருடம் முன்பு இதேபோல ஒரு சாயங்காலம் உடல் பரிசோதனைச் சீட்டு, குற்றம் இல்லை என்ற போலீஸ் சீட்டு எல்லாவற்றோடும் இருவரும் என் கடைக்கு வந்தார்கள், நாளைக் காலை கோர்ட்டில் கொடுக்கப்போகிறோம் என்று. நான்தான் வாயைத் திறந்தேன். "நாளைக்கா? நாளைக்கு ஏழாம் மாசம். அந்த மாசத்துல நான் ஒரு குண்டூசி கடனா வாங்கமாட்டேன், நீங்க பிள்ளை வாங்கப் போறீங்களா?" எல்லோரும் சிரித்தோம். தாள் என் மேசையைத் தாண்டவில்லை. மாதம் முடிவதற்குள் பரிசோதனைச் சீட்டு காலாவதி. அப்புறம் வசந்தத்துக்கு என்றாள் வான்ரூ. அப்புறம் அந்த வருடம் பிள்ளையின் ராசிக்கு ஆகாது என்றாள்.

"ஆனா விவாகரத்துத் தாள்ல எழுதிப் பதிஞ்சா அதுவே போதும்னு..." லிசுவாங் திரும்பினாள். "நீதானே சொன்னே வான்ரூ? தத்து தனியா வேணாம், இதுலயே எல்லாம் வந்துரும்னு?"

கவுன்டரில் இருந்த அத்தனை பேர் முகத்திலும் திகைப்பு. அந்த இளைஞன் முகத்தில்கூட. வான்ரூ மட்டும் சுவரில் சிவப்பாக எரிந்த நாற்பத்தேழைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சரக்கில் ஓட்டை இருப்பது முன்பே தெரிந்தவர்தான் அப்படி நிற்பார்.

"இவங்க ரெண்டு பேரும் பிரிஞ்ச பின்னாடி இவ தத்தெடுக்கலாமா?" என்று நான் கேட்டேன்.

"அப்போ அவங்க மனைவி இல்லையேம்மா. வெளியாள்."

வெளியாள். சிவப்பு முட்டை சுமந்தவள்.

எப்படியாவது இழுத்தடிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. என்னிடம் இருந்தது ஒரே சரக்கு, அதையே எடுத்து வைத்தேன். "இன்னைக்கு இது வேணாம் வான்ரூ. எல்லாரும் கலங்கிப் போயிருக்கோம். நாளைக்கு ஏழாம் மாசம் பொறந்துரும், அதுல முத்திரை வைக்கக்கூடாது. மாசம் முடியட்டும்."

வான்ரூ என்னைப் பார்த்தாள். "அக்கா, நான் எப்ப அதையெல்லாம் நம்பியிருக்கேன்? நாளைக்குன்னா நீங்க முத்திரை குத்த மாட்டீங்கன்னுதான் இன்னைக்கே வந்தேன்."

அவள் வாயை மூடிக்கொள்ளும் முன்பே அது வெளியே வந்துவிட்டது. எங்கள் மூவருக்கும் அந்தச் சொல் ஒரே நேரத்தில் உறைத்தது.

"நம்பலையா?" லிசுவாங்கின் குரல் மெல்லியதாக இருந்தது. "அப்போ அந்த மாசம்? ராசி?"

வான்ரூ தன் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"மூணு வருஷம், வான்ரூ."

"ராத்திரி முழிச்சா அவ யாரைக் கூப்பிடுறா?" வான்ரூ வெடித்தாள். "மம்மி, மம்மி! வயித்தைக் கிழிச்சுப் பெத்தது நான். பாலுக்கு நான், பாசத்துக்கு நீயா? தாள்லயாவது அவ எனக்கு மட்டும் இருக்கட்டும்னு நெனச்சேன். நெனச்சது தப்புன்னா தப்புதான்!"

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இளைஞன் பேனா மூடியைக் கழற்றி மாட்டினான். என் வாயிலிருந்து விழுந்த ஒரு வேடிக்கையை மூன்று வருடம் பத்திரமாக எடுத்துவைத்து ஒருத்தி பயன்படுத்தியிருக்கிறாள். முதலில் வேண்டாம் என்றவள் எட்டாயிரத்துக்கு ஏன் ஒப்புக்கொண்டாள் என்பது அப்போதுதான் விளங்கியது. செல்லாத தாளில் எவ்வளவு எழுதினால் என்ன?

"லிசுவாங், முத்திரை வச்சுட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை அக்கா. விண்ணப்பத்துல வைக்கணும்."

"வைக்காதே." சிமிழை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன். "அவளுக்கு ஒன்பதாம் மாசம் பன்னெண்டு மேசை விருந்து. நீ சம்மதிக்காட்டி கோர்ட்ல கேஸ் போடணும். அது முடியுறதுக்குள்ள விருந்துக் கோழிக்கு வயசாயிடும்."

"அக்கா, நீங்க யார் பக்கம்?" என்று வான்ரூ சீறினாள்.

"நான் சாட்சிடி. ரெண்டு பக்கமும்தான். அதனாலதான் இத்தனை நாள் ரெண்டு பேரோடயும் சிரிச்சுட்டிருந்தேன்."

லிசுவாங் அழவில்லை. சிமிழைப் பையில் போட்டாள். "நீ நம்பாதவதானே வான்ரூ? ரொம்ப நல்லதாப் போச்சு. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு கோர்ட் வாசலுக்கு வா. தத்துத் தாள் முதல்ல. உத்தரவு வந்த அன்னைக்கே இதுல முத்திரை வைக்கிறேன். எட்டாயிரம் வேணாம், நீ கேக்கிறதைத் தர்றேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். நாற்பத்தெட்டு என்று கூப்பிட்டார்கள்.

மறுநாள் ஏழாம் மாதம் முதல் நாள். சந்தில் ஒவ்வொரு கடை வாசலிலும் மேசை போட்டு நல்ல அண்ணன்மார்களுக்குப் பிஸ்கட்டும் பீர் டின்னும் ஊதுபத்தியும் வைத்திருந்தார்கள். நானும் வைத்தேன், வழக்கத்தைவிட இரண்டு பாக்கெட் கூடுதலாக. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு லிசுவாங்கோடு கோர்ட்டுக்குப் போனேன். வான்ரூ வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். என் கணக்கு அந்த வாரத்தில் இரண்டாவது முறையாகத் தப்பியது.

வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். தூங்காத கண்கள். பக்கத்தில் டோடோ, ஒரு காலில் மட்டும் செருப்போடு. எங்களைக் கண்டதும் "மம்மி!" என்று நொண்டியபடி ஓடிவந்தாள். வான்ரூ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை.

"எத்தனை மாசமாகும்?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டாள்.

"நாலு, அஞ்சு ஆகலாம்" என்றேன். "வீட்டுக்கு ஆள் வந்து பாப்பாங்க. அவங்க முன்னாடி சண்டை போடாதீங்க."

"விருந்தைத் தள்ளி வைக்கணும். முன்பணம் போச்சு." பிறகு லிசுவாங்கை நேராகப் பார்த்தாள். "மாசம் இருபதாயிரம்."

"இருபதா?" லிசுவாங் டோடோவின் வெறுங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சாயங்காலம் பள்ளிக்கூடத்துல இருந்து நான்தான் கூட்டிட்டு வருவேன். அப்ப அந்தச் செலவு உனக்கு மிச்சம். பதினெட்டு."

"பத்தொம்பது. செருப்பு நீ வாங்கணும்."

"செருப்பு பாதிப் பாதி."

பேரத்தில் இருவரும் அவரவர் நாற்காலிக்கு வந்துவிட்டார்கள். நான் குறுக்கே பேசவில்லை. விவாகரத்துத் தாளை நான்காக மடித்து, கூடவே கொண்டுவந்திருந்த பட்டன் டப்பாவுக்குள் வைத்து, உத்தரவு வரும்வரை இது என்னிடம் இருக்கும் என்று மூடியை அழுத்தினேன். கோர்ட் கதவைத் திறந்தார்கள். அவர்கள் செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள்.