மிஞ்சிய வாக்குச்சீட்டு

"...அப்ப மற்றத் துண்டை என்னப்பா செய்தனீர்?"

"கூடைக்குள்ள போட்டனான்."

"ஓம் ஓம், போட்டிருப்பீர்."

வாமதேவன் சிரித்தபடி தங்கள் கடைப்பக்கம் முன்னே நடந்தார், வாக்குப் போட்ட பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து இதே கேள்விதான், பின்னால் வந்த மனைவி புனிதவதி மேற்சட்டைப் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், இருக்கிறது, நாலாக மடித்த தாள், அதில் கணவருடைய வேட்பாளரின் பெயர், இதைக் கண்டாரோ, உறைக்குள் போனது மற்றப் பெயர் என்று விளங்கிவிடும்... இந்த நாட்டில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனித் தாள், விரும்பியதை மறைப்புக்குள் உறையில் இட்டுவிட்டு மிஞ்சியதை வெளியே உள்ள கூடையில் எறியலாம், வாக்கு ரகசியமாக இருக்கட்டும் என்றுதானே இரண்டு தாளையும் எடுக்கச் சொல்கிறார்கள், ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்றில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள், ஒருவருக்கும் ஒன்றும் பிடிபடாது, இரண்டாம் சுற்றில் இரண்டே பெயர், மிஞ்சுவதே காட்டிக்கொடுக்கும். கூடைக்குள் போட்டிருக்கலாம், ஆனால் அடுத்து வந்தவர் அவரல்லவா, எட்டிப் பார்க்கமாட்டாரா?

எல்லாம் அந்த வடையால் வந்தது. கட்சிக்குள்ளே யார் வேட்பாளர் என்று போட்டி நடந்த நாட்களில் கணவருடைய வேட்பாளரான அந்தக் கண்ணாடிக்காரர் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்கு வந்தார், கடையில் வடை தின்றார், உறைப்பில் மூக்கு வடிய வடிய இன்னொன்று கேட்டார், அன்றிலிருந்து கணவர் அவருடைய ஆள், அந்தப் படம் பிள்ளையாருக்குப் பக்கத்தில் தொங்குகிறது, தேர்தலில் நிற்கத் தேவையான மேயர்மாரின் கையெழுத்துகள் அவருக்குச் சேர்ந்தபோது தானே சேர்த்ததுபோல் ஒரு பூரிப்பு. முதல் சுற்றில் அவளும் அவருக்குத்தான் போட்டாள், பொய்யில்லை... பிறகு தொலைக்காட்சி விவாதம், கண்ணாடிக்காரர் குறுக்கே குறுக்கே பேச, எதிரே இருந்த மற்ற வேட்பாளரான பெண் ஒரு தம்ளர் தண்ணீரை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டு, இனி நான் பேசலாமா என்று கேட்டாள், அவ்வளவுதான். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அந்தத் தண்ணீர் தனக்கு ஏன் ஒருநாளும் தோன்றவில்லை?

இன்று உறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போடுமுன், உண்டியலுக்குப் போடுவதுபோல் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கை தானாகப் போய்விட்டது, மேசையிலிருந்தவள் சிரித்தாள், பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்து, வாக்களித்தார் என்று மண்டபமே கேட்கச் சொன்னாள்... தான் செய்த ஒன்றை இப்படிச் சத்தமாக இதற்குமுன் யார் சொன்னார்கள்? அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் இனித்தது.

இரவு எட்டு மணிக்கு, முடிவு பார்க்க வந்தவர்களால் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பக்கத்துச் சலூன்கார ஐங்கரன் வடையோடு முன்னால் நின்றான்.

"அண்ணை, உங்கட ஆள் தோத்தா படத்தை என்ன செய்யப் போறியள்?"

"தோத்தாலும் வடை திண்டவர்தானேடா. நீயும் திண்டிட்டுப் பேசாமல் நில்."

தொலைக்காட்சித் திரையில் நொடிகள் இறங்கின, சுழியம் வந்தது, வென்றவரின் முகம் விரிந்தது, அந்தப் பெண்ணின் முகம். புனிதவதிக்குள் ஏதோ துள்ளியது, உதட்டைக் கடித்து அடக்கி, செத்தவீட்டுக்கு வந்தவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு கணவரைத் திரும்பிப் பார்த்தாள்... அவர் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார், கரண்டி தாளம் போட்டது, மீசைக்குக் கீழே என்ன அது, சிரிப்பா? மற்றக் கை காற்சட்டைப் பையை வெளியிலிருந்து ஒருமுறை தடவிக்கொண்டது. மறைப்பிலிருந்து வந்தவர் கூடைப் பக்கம் திரும்பவே இல்லையே, வாசலில் நின்று பார்த்தாளே, அப்படியென்றால் வழியெல்லாம் கேட்டது தன்னுடைய துண்டை மறைக்கத்தானா...

அவள் அருகே போய் மெல்லச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, உங்கட மற்றத் துண்டை ஒருக்கா எடுங்கோ பாப்பம்."