கிரேக்கப் போரின் சாம்பல்

மூவாயிரம் வருடங்களுக்கு முன் செத்து மண்ணாய்ப் போனவர்களின் சண்டையைப் படிக்கத் திருச்செல்வத்துக்கு வேறு காலம் கிடைக்கவில்லை. அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வடக்கே உயிரோடிருந்தவர்கள் ஷெல்லடியில் செத்துக்கொண்டிருந்தார்கள். அவனோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கக் காவியம் படித்தான். நூலகத்துப் புத்தகங்கள் போதாமல், கெலிஓயாவில் கைரியாவின் இன்டர்நெட் கடையே கதியென்று கிடந்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் போட்டிருந்த பாட்டுகளையும் உரைகளையும் படைவகுப்புப் படங்களையும் பிறின்ற் எடுத்து வீட்டை நிறைத்தான். "ஈட்டியையும் கேடயத்தையும் படிச்சவனுக்கு ஆர் வேலை தரப்போகினம்?" என்று தாய் லீலாதேவி புறுபுறுப்பாள். கண்டியில் தபால் கந்தோரில் வேலை செய்பவள். மகனும் ஒரு கந்தோர்க் கதிரையில் இருந்துவிட்டால் போதும் அவளுக்கு.

அவன் செய்த பிழை ஒன்றுதான். தமிழில் படிக்கும் இளையவர்களுக்கு விளங்கட்டும் என்று இணையத்திலிருந்த ஒரு படத்தைப் பார்த்து வரைந்து, கோட்டை, முற்றுகை, கரையேற்றிய கப்பல்கள், தாக்கும் வழி என்று முத்து முத்தான தமிழில் எழுதிப் பைக்குள் வைத்திருந்தான். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சோதனையில் பொலிசார் பையைத் திறந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தமிழில் எழுதிய கோட்டையும் கப்பலும் என்றால் கேட்கவா வேண்டும்?

கூடப் படிக்கும் அம்பிகைபாகன்தான் போன் எடுத்தான். "அன்ரி, செல்வத்தைப் பொலிசுக்குக் கொண்டு போட்டாங்கள். உடன வாங்கோ."

லீலாதேவி உடனே போகவில்லை. சூடு கண்ட பூனை அல்லவா அவள்! எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நடந்த ஒரு சுற்றிவளைப்பில், அலுமாரிக்குள் கிடந்த ஒரு கோயில் திருவிழாப் படத்துக்காக அவள் கணவனைப் பிடித்தார்கள். படத்தின் பின்வரிசையில் நின்ற எவனோ இயக்கத்துக்குப் போயிருந்தானாம். முகாமிலிருந்து திரும்பி வந்த மனிதர் அதன் பிறகு நிமிர்ந்து நடக்கவேயில்லை, சில வருடங்களில் போய்ச் சேர்ந்தார். எங்கள் சனத்தின் வீடுகளில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. ஆளைப் பிடித்தால் முதலில் கடதாசியை எரிக்க வேண்டும். அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எரித்தாள். குசினிக்குப் பின்னால் தகரப் பீப்பாவில் எல்லாவற்றையும் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அது எந்த இணையத்தளத்திலிருந்து வந்தது என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு எங்கே நேரம்? பென்டிரைவை அம்மிக் குழவியால் நசுக்கினாள். பிறகு கைரியாவின் கடைக்கு ஓடினாள்.

"கைரியா, செல்வம் பாவிக்கிற கொம்பியூட்டரில உள்ளதெல்லாத்தையும் அழி."

"மிஸ், தம்பி சேத்ததெல்லாம் இதிலதான் ஈக்கி. அவர் என்னத்தப் பாத்தாரெண்டு காட்டவும் இதுதானே ஈக்கி. அழிச்சாப் பொறகு எடுக்க ஏலா."

"அழி எண்டெல்லே சொல்லுறன்!"

கைரியாவுக்கும் கடை இருந்தது, பிள்ளைகள் இருந்தன, பயம் இருந்தது. அழித்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் லீலாதேவி பஸ்ஸுக்குக் காத்து நின்று பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். பொறுப்பதிகாரி கத்தவில்லை. சிங்களத்தில் மரியாதையாகவே பேசி, கதிரையைக் காட்டி, மேசையிலிருந்த கொம்பியூட்டரை அவள் பக்கம் திருப்பினார். திரையில் அதே கோட்டை, அதே கப்பல்கள், ஆனால் ஆங்கிலத்தில். உங்கள் மகன் சொன்ன இணையத்தளத்தைத் தேடிப் பார்த்தோம், படம் அதிலேயே இருக்கிறது, அவன் சொன்னது உண்மைதான் என்றார். லீலாதேவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதிகாரி ஒரு கடித உறையிலிருந்து கருகிய கடதாசித் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மிச்சத்தையும் பார்த்துவிட்டு அவனை விடலாம் என்று ஆட்களை உங்கள் வீட்டுக்கு அனுப்பினேன், அங்கே பீப்பா இன்னும் புகைந்துகொண்டிருந்தது, அவன் சொன்ன இன்டர்நெட் கடைக்குப் போனால் கொம்பியூட்டர் வெறுமையாக இருந்தது என்றார். பழங்கதைதான் என்றால் அதை ஏன் எரித்தீர்கள்?

"பயத்தில, சேர்," என்றாள் சிங்களத்தில்.

குற்றமில்லாதவனுக்கு என்ன பயம் என்று கேட்டார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவருக்கு விளக்க வேண்டுமென்றால் கணவனிலிருந்து தொடங்க வேண்டும். மகனைப் பிடித்து வைத்திருக்கும் இடத்தில், தகப்பனையும் ஒருமுறை பிடித்தார்கள் என்று எந்தத் தாய் வாய் திறப்பாள்? அதிகாரி பெருமூச்சு விட்டு, அவனை மேல் விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்பும் கடிதத்தில் கையொப்பம் வைத்தார்.

வெளியே வான் நின்றது. விலங்கு மாட்டிய கையோடு திருச்செல்வத்தைக் கூட்டிவந்தார்கள். தாயைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. வீட்டில பிறின்ற் எல்லாம் இருக்குதெண்டு சொல்லியிருக்கிறன். அதைப் பாத்தா விட்டிடுவினம். எடுத்துக் கொண்டுவந்து காட்டுங்கோ."

லீலாதேவியின் கைகளில் மண்ணெண்ணெய் இன்னும் மணத்தது. சேலைத் தலைப்புக்குள் கைகளை ஒளித்துக்கொண்டாள்.

"ஓம் ராசா," என்றாள். "காட்டுறன்."