கடலுக்குள் நானூறு வேம்பு

அரசுத் துறை ஒன்று தான் நட்ட மரங்களின் பட்டியலை, அட்சரேகை தீர்க்கரேகையோடு, இணையத்தில் போட்டிருந்தது. கண் எரிய எரிய மூன்று வாரம் அதை வரைபடத்தில் பொருத்தினேன். பட்டினப்பாக்கத்து வேம்பு நானூறும் கடலுக்குள் போய் விழுந்தன. என் கணக்கு தப்போ என்று நேரில் போய், கரையில் மீன் விற்கும் கோவிந்தம்மாவிடம் கேட்டேன்.

"இன்னாம்மா கேக்குற? தண்ணியில எவனாச்சும் மரம் நடுவானா? போய் வேற வேலையப் பாரு."

நான் எழுதிய செய்தி நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது. ஒருவரும் மறுக்கவில்லை. நான்காம் நாள், அலுப்போடு அதே பட்டியலைத் திறந்தேன். ஒரு எண்ணைக்கூட அவர்கள் மாற்றவில்லை. நானூறு வேம்புக்கும் எதிரே ஒரே குறிப்பைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்: "கடல் அரிப்பில் அழிந்தது. அதே இடத்தில் மறுநடவுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது."