பச்சையப்பன் வாங்கிப்போன ஆயில்

பத்து மணிக்குள் வண்டி தயாரானால் செல்வகுமாரியே ஓட்டிக்கொண்டு போகலாம். ஆகாவிட்டால் வீரமணியின் வாடகை வேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் இது.

உறுவையாற்றில் அவள் தம்பி தமிழ்க்குமரனின் மனைவி கல்பனாவுக்கு வளைகாப்பு. பத்தரைக்கு மேல் நல்ல நேரம். அந்த வீட்டு வழக்கப்படி முதல் வளையலை நாத்தனார்தான் போட வேண்டும். பதினோரு வரிசைத் தட்டுகளோடு சொந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்று செல்வகுமாரி ஒரு மாதமாகக் கனவு கண்டுகொண்டிருந்தாள். லைசென்ஸ் வாங்கி நாலு மாதம், இந்தப் பழைய காரை வாங்கி மூன்று மாதம். அவள் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் இதுவரை ஒரு ஆளும் உட்காரவில்லை. கட்டின புருஷன் அரிகரனே பைக்கில்தான் பின்னால் வருவான். தம்பியோ, "நீ ஓட்டினு வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லுக்கா, தெருவுல ஆடு மாட்டயெல்லாம் புடிச்சி கட்டிடறோம்" என்று ஃபோனில் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவள் காதிலேயே நின்றது.

இந்த நேரம் பார்த்து அரிகரன் முட்டுக்கட்டை போட்டான். "ஆயில் மாத்தற கிலோமீட்டரு எப்பவோ தாண்டியாச்சி. சர்வீசுக்கு புதன்கெழமதான் எடம் குடுத்திருக்கான். அதுவரைக்கும் வண்டிய எடுக்காத."

"ஆயில் டப்பா வாங்கி மூணு நாளா வூட்லதான் இருக்குது. நானே மாத்தறேன்."

"நீயா?"

"கழனி ஆயில் இன்ஜினுக்கு பதினஞ்சி வருசமா யாரு மாத்தறா? உங்க கம்பெனி மேனேஜரா?"

அதைக் கேட்டுத்தான் அவன் பத்து மணி என்று கெடு வைத்தான்.

அபிஷேகப்பாக்கத்தில் அவர்கள் வீட்டை ஒட்டி ஒரு சிமெண்ட் வாய்க்கால் ஓடுகிறது. கோடையில் அதில் தண்ணீர் கிடையாது. செல்வகுமாரி காரை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி, இரண்டு பக்கச் சக்கரமும் இரண்டு கரையில் நிற்கும்படி வாய்க்காலுக்கு மேல் நிறுத்தினாள். ஜாக்கியும் வேண்டாம், பள்ளமும் தோண்ட வேண்டாம். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, ஸ்பேனரோடு வாய்க்காலுக்குள் படுத்து நகர்ந்து வண்டிக்கடியில் போய்ச் சேர்ந்தாள். நான் எப்பேர்ப்பட்டவள் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேலே பார்த்தால் இரண்டு போல்ட்டு தெரிந்தது. கழனி இன்ஜினாகட்டும், பவர் டில்லராகட்டும், அடியில் இருப்பதிலேயே பெரிய போல்ட்டுதான் ஆயில் போல்ட்டு. அவள் யோசிக்கவே இல்லை. பெரியதைப் பிடித்துத் திருகினாள். முக்கி முனகிக் கடைசியில் அது கழன்றது. புது பிளாஸ்டிக் டப்பில் தேன் நிறத்தில் ஆயில் இறங்கியது.

"ஏங்க! வந்து பாருங்க, எவ்ளோ சுத்தமா இருக்குது! பழைய ஓனரு தங்கமா வச்சிருக்கான்!"

ஓடின ஆயில் கறுப்பாகத்தான் வரும் என்பது பதினைந்து வருஷமாகத் தெரிந்தவளுக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

ஆயில் டப்பா வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே இதற்காகக் காத்திருந்தவர் கோடிவீட்டுப் பச்சையப்பன் மாமா. அந்தத் தெருவில் யார் ஆயில் மாற்றினாலும் பழைய ஆயில் யாருக்காவது சொல்லி வைத்ததாக இருக்கும். கரையான் ஏறாமலிருக்க மாட்டுக்கொட்டகைக் கட்டைக்குப் பூசுவார்கள். அவர் தகர டின்னோடு வந்து, டப்பைக் கவிழ்த்து வடித்துக்கொண்டு, "மகராசியா இரு" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

செல்வகுமாரி போல்ட்டை இறுக்கினாள். மேலே வந்து மூடியைத் திறந்து புது ஆயில் மூன்று லிட்டரையும் ஊற்றினாள். மணி எட்டேகால்கூட ஆகவில்லை. அரிகரனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அவன் கண் முன்னால் அளவுக் கம்பியை உருவிக் காட்டினாள்.

கோட்டைத் தாண்டி ஒரு சாண் உயரத்துக்கு ஆயில் ஈரம்.

"இன்னாடி இது?" என்றான் அரிகரன்.

இன்ஜினில் பழைய ஆயில் அப்படியே இருக்கிறது, அதற்கு மேல் புதியதும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அந்தத் தேன்?

"ஐயோ! கியர் ஆயிலங்க! கியர் பாக்ஸ காலி பண்ணிட்டேன்!"

"நல்லவேள, ஸ்டார்ட் பண்ணல. நான் வீரமணிக்கு போன் போடறேன்."

"போட்டீங்கன்னா பாருங்க! பத்து மணின்னுதான சொன்னீங்க? இன்னும் நேரம் இருக்குது."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வீரமணிக்குப் போடாமல் பாகூர் ஆயில் கடைக்காரனுக்குப் போட்டான். இன்ஜின் ஆயில் இருக்கிறது, இந்தக் காருக்கான கியர் ஆயில் புதுச்சேரியிலிருந்துதான் வர வேண்டும், நாளைக்குத்தான் என்று பதில் வந்தது.

"கலந்துபோனத வடிச்சிடறேன், நீங்க போயி வேற இன்ஜின் ஆயில் வாங்கியாங்க. கியர் ஆயில நான் பாத்துக்கறேன்" என்று சொல்லும்போதே செல்வகுமாரி தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்திருந்தாள்.

எதிர்வீட்டுச் செங்கமலம் கோலத்தை விட்டுவிட்டு எழுந்தாள். "இன்னா குமாரி, யாருக்கு இன்னாச்சி?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவலக்கா! ஆயிலு!"

செங்கமலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் ஏதோ ஆபத்து என்று அவளும் பின்னாலேயே ஓடினாள்.

பச்சையப்பன் மாமா கொட்டகையின் முதல் கட்டைக்குப் பூசி முடித்து, இரண்டாவதில் பிரஷை வைக்கப் போனார்.

"மாமா! நிறுத்துங்க!"

"இன்னா சரக்கும்மா இது! நெய்யாட்டம் இருக்குது."

"அத குடுத்துடுங்க மாமா. தெரியாம குடுத்துட்டேன்."

"குடுத்தத திருப்பி கேப்பாங்களா? ஒரு கட்ட பூசியாச்சி, மீதி மூணு கட்டைக்கு நான் எங்க போவேன்?"

"இன்னும் அரமணி நேரத்துல ஆறு லிட்டரு தரேன். கருப்பு ஆயிலு. கரையான் நம்ம தெரு பக்கமே வராது."

இரண்டு லிட்டருக்கு ஆறு லிட்டர். பச்சையப்பன் பிரஷை டின் விளிம்பில் நன்றாக வழித்துவிட்டுத்தான் கொடுத்தார். பூசின கட்டையில் பளபளத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, அதையும் சுரண்டி எடுக்க முடியுமா என்று ஒரு நொடி அவள் யோசித்தது உண்மை.

திரும்பி வந்து, வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து ஆயிலை இரண்டு தரம் வடிகட்டினாள். மறுபடி வாய்க்கால். இந்த முறை சின்ன போல்ட்டைத் திறந்தாள். கன்னங்கரேல் என்று இறங்கியது. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் வண்டிக்கடியில் படுத்தபடியே சத்தமாகச் சிரித்துவிட்டாள். செங்கமலம் மேலிருந்து புனலையும் டியூபையும் பிடித்துக்கொள்ள, கியர் பாக்ஸின் பக்கவாட்டு ஓட்டை வழியாகத் தேன் நிற ஆயில் உள்ளே போனது. டின் காலி. கட்டை குடித்தது போக மீதி போதுமா? பவர் டில்லருக்குப் பார்ப்பது போலவே ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டாள். நுனியில் ஆயில் பட்டது.

"தொடுதுக்கா! தொடுது!"

செங்கமலத்துக்கு எது எதைத் தொடுகிறது என்று தெரியாது. அவளும் சேர்ந்து கத்தினாள். சொன்ன ஆறு லிட்டர் கறுப்பு ஆயிலும் பச்சையப்பன் மாமாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒன்பதே முக்காலுக்கு அரிகரனின் பைக் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. கையில் ஆயில் டப்பாவோடு ஒரு ஃபில்டரும் இருந்தது. "கடக்காரன் கேட்டான், ஃபில்டர் மாத்தலியான்னு. கழனி இன்ஜின்ல அது ஏது, நீ மறந்திருப்பன்னு வாங்கியாந்தேன்" என்றவன், சட்டையைக் கழற்றிவிட்டு அவனே குனிந்து அதை மாட்டினான். அவள் ஊற்றினாள். கம்பியை உருவினாள். கோட்டில் கச்சிதமாக நின்றது.

சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு இருமல்கூட இருமாமல் ஸ்டார்ட் ஆனது. முதல் கியர் விழுந்தது, ரெண்டாவது விழுந்தது, ரிவர்ஸும் விழுந்தது. அரிகரன் கீழே படுத்து எங்கும் சொட்டவில்லை என்று பார்த்துவிட்டு, பைக்கை வீட்டுக்குள் தள்ளி நிறுத்தினான். அவசரமாகக் குளித்துப் பட்டு கட்டி அவள் வருவதற்குள் தட்டுகளையெல்லாம் பின்சீட்டில் அடுக்கி, மடியில் பூத்தட்டோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். அவள் பூத்தட்டு சாயாமல் வண்டியை எடுத்தாள்.

பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கார் உறுவையாற்றுத் தெருவில் நுழைந்தது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். தம்பி வாயைத் திறந்தபடி நின்றான்.

முதல் வளையலை எடுத்தபோதுதான் தன் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருப்பதைச் செல்வகுமாரி பார்த்தாள். "காலைல ஆயில் மாத்தினேன், எவ்ளோ தேச்சும் போவல" என்று கூச்சத்தோடு சொன்னாள். போல்ட்டு மாறியது, தெருவில் ஓடியது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். பந்தலே சிரித்தது. கல்பனா மட்டும் சிரிக்காமல் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

வளையல் போட்டதும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதற்காகத் தமிழ்க்குமரன் வில்லியனூரிலிருந்து ஒரு வாடகைக் கார் பேசி வைத்திருந்தான். டிரைவர் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். கல்பனா புருஷனைக் கூப்பிட்டாள்.

"அந்தக் காரு வேணாம்னு சொல்லிடுங்க. நானு அண்ணி வண்டில போறேன்."

"அக்கா புதுசா ஓட்டுது கல்பனா. உள்ள ரெண்டு உசுரு போவுது."

"அதனாலதான் சொல்றேன். தப்புன்னு தெரிஞ்சதும் சாவிய தொடாம ஓடினாங்க பாருங்க, அவுங்களோடதான் போவேன். நீங்க பின்னாடி உக்காந்து வாங்க."

செல்வகுமாரி கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, நகக்கண் கறுப்பைப் பார்த்து இறக்கிக்கொண்டாள். பிறகு, "மெதுவாத்தான் போவேன், சீக்கிரம்னு யாரும் சொல்லக் கூடாது" என்றாள்.