நிரம்பிய பீப்பாய்

நிலவறையில் நோயெமி மதுப் பீப்பாய்களின் மேல்பக்கத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். உள்ளே சற்றுக் காலியிடம் இருப்பதால் எல்லாம் ஒரே மாதிரி 'டொங்' என்று ஒலித்தன. கதவோரத்துப் பீப்பாய் மட்டும் 'தொம்' என்றது.

அடைப்பை எடுத்து விளக்கைக் காட்டினாள். வெள்ளை மது வாய்வரை நின்றது. மேலே படர்ந்திருக்க வேண்டிய ஈஸ்ட் படலத்தைக் காணோம்.

"திபோ! இதை யாரு ரொப்பினது?"

படியிறங்கி வந்த கணவன் பெருமையாகச் சிரித்தான்.

"நான்தான். உங்கப்பா எல்லாத்தையும் குறையாவே விட்டுட்டுப் போயிருக்கார். அதே திராட்சையோட மது குடுவையில இருந்துச்சு, ஊத்தினேன். மத்ததையும்..."

"தொடாதே! அந்தக் காலியிடத்துலதான் படலம் வளரும். அது மூடிக் காத்தாத்தான் அக்ரூட் வாசம் வரும், மஞ்சள் மது ஆகும். நீ அதை முக்கிட்டியே!"

"எங்க பர்கண்டியில பீப்பாய் குறைஞ்சா மானம் போயிடும். இங்க வேறன்னு யாருமே சொல்லலையே."

யாருக்கும் சொல்லத் தோன்றியிருக்காது. இந்த ஜூரா மலைப்பக்கத்தில் இதைச் சொல்லிக் கொடுத்து அவள் கேட்டதில்லை. கல்யாணமான சில நாளிலேயே அப்பா தெசிரே இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, நிலவறையைப் பூட்டாமலே அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். அவளோ பகலெல்லாம் சீஸ் கூடத்தில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார். நிலவறைப் பொறுப்பையும் சாவியையும் மாப்பிள்ளையிடம் கொடுப்பதா, பெரியப்பா மகனிடம் கொடுப்பதா என்று அன்றைக்குச் சொல்வார்.

"ஒளிச்சு வெச்சிடலாமா?" என்றான் திபோ.

"தட்டினாலே தெரிஞ்சுடும்."

பீப்பாயின் நடுவிலிருந்த சிறு குழாயைத் திறந்து ஒரு வாய் பிடித்தாள். குடித்துவிட்டு அசையாமல் நின்றாள். பிறகு இன்னொரு வாய்.

இதற்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று பார்க்க, மறுநாள் சீஸ் கூடத்திலிருந்து முற்றிய கோந்தே சீஸ் கொண்டுவந்து அதோடு குடித்துப் பார்த்தாள். மது இருந்த இடமே தெரியவில்லை. அப்பாவுக்குப் பிடித்த, காளானும் பாலேடும் சேர்த்த கோழியோடு வெறும் புளிப்பாக நின்றது. சனிக்கிழமை ஆற்று ட்ரவுட் மீனை வெண்ணெயில் பொரித்தாள். முதல் வாயிலேயே கண்ணை அகல விரித்துத் திபோவைப் பார்த்தாள்.

"என்ன?"

"நீயே குடிச்சுப் பாரு."

ஞாயிறு மதியம் தெசிரே ஊன்றுகோலைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தார்.

"கோழி எங்க?"

"இன்னைக்கு மீன்தாம்பா."

கிளாஸை முகர்ந்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இது என் மது இல்ல."

திபோ முள்கரண்டியைக் கீழே வைத்தான். "கதவோரத்துப் பீப்பாய், மாமா. தெரியாம ரொப்பிட்டேன்."

"பர்கண்டிக்காரனுக்குக் கை சும்மா இருக்குமா?"

மீனைப் பிய்த்துச் சாப்பிட்டார். கிளாஸைக் காலி செய்தார். தானே மறுபடி ஊற்றிக்கொண்டார்.

"இதுல ஒரு வாசம் வருதே, என்ன அது?"

"எலுமிச்சத் தோல்," என்றாள்.

"போடி. மழை பட்ட சுண்ணாம்புக்கல்."

"ரெண்டும் இல்ல, பச்சை ஆப்பிள்," என்றான் திபோ.

"உங்கிட்ட யாரு கேட்டா?"

மீன் முள்ளாகும்வரை சண்டை போட்டார்கள். அப்புறம் தெசிரே ஊன்றுகோலோடு மெல்ல நிலவறைக்கு இறங்கினார்; இருவரும் பின்னால் போனார்கள். சாக்குக்கட்டியால் தரையில் ஒரு கோடு கிழித்தார். கதவோரத்துப் பீப்பாய் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம்.

"இது உன்னோடது. ரொப்பு, என்னவோ பண்ணு. அந்தப் பக்கம் புனலோட பார்த்தேன்னா சாவியைப் பிடுங்கிடுவேன்," என்றார் மாப்பிள்ளையிடம்.

"சாவியை நீங்க இன்னும் குடுக்கவே இல்லையே, மாமா."

தெசிரே பையைத் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினார். நோயெமி அதற்குள் கதவோரத்துப் பீப்பாயின் குழாயடியில் கிளாஸைப் பிடித்திருந்தாள்.

"ஆப்பிள் மாதிரியும் இருக்குப்பா."